இரவல் பேசி, உடைமைப் பேசி

பெரம்பலூர் மாவட்டமும் இந்தியச் செல்லிடப்பேசியும் ஒரே ஆண்டில் பிறந்தவை. 1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு, தில்லியிலிருந்த தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்நாட்டின் முதல் செல்லிடப்பேசி அழைப்பு. அவ்வாண்டிலேயே திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதன் பகுதியாயிருந்த அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பர் 23 முதல் தனித்து நிற்கிறது. கலெக்டர் அலுவலகம் இப்படி இங்கும் அங்குமாக அலைந்தபோதும் பெரம்பலூருக்கு 04328, அரியலூருக்கு 04329 என்று தொலைபேசிக் குறியீட்டெண்கள் மட்டும் தத்தம் ஊரை விட்டு அகலவில்லை.

இவ்விரு மாவட்டங்களும் பெருநகரமற்றவை. பெரம்பலூர் நகருக்கு ரயில் நிலையமும் இல்லை. சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் மானாவாரி நிலம் ஒருபுறம், சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் மறுபுறம். மழை பொய்த்தால் ஆண்கள் ஊர் விட்டு ஊர் போவது இங்கு வழிவழி வந்த வழக்கம். வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற முஸ்லிம்கள் செறிந்த ஊர்களிலோ அப்பயணம் கடல் கடந்தது. மலேசியா, சிங்கப்பூர், பின்னர் வளைகுடா நாடுகள். ஆகவே இவ்வட்டாரத்தில் தொலைபேசியின் வரலாறு என்பது பெரும்பாலும் ஊரில் இல்லாத ஆணுக்கும் ஊரில் இருந்த பெண்ணுக்கும் இடையே நிகழ்ந்த பேச்சின் வரலாறே ஆகும்.

செல்லிடப்பேசிக்கு முற்பட்ட நிலையை இன்றைய இளைஞர்க்கு விளக்குவது கடினம். தொலைபேசி இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. தெருவில் ஒருவர் வீட்டில் இணைப்பு இருக்கும். அவ்வெண்ணையே அண்டை அயலார் அனைவரும் தம் எண்ணாகக் கொடுப்பர். திருமண அழைப்பிதழிலும் கடை ரசீதிலும் எண்ணுக்கு அருகே 'பி.பி.' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். எண் நம்முடையதன்று, கூப்பிட்டால் அழைத்து வருவர் என்பது அதன் பொருள். துபாயிலிருந்து அழைப்பு வரும். எடுத்தவர், "பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுங்கள்" என்று வைத்துவிட்டுப் பிள்ளை ஒன்றைத் தெருவுக்கு அனுப்புவார். அழைக்கப்பட்ட பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அயல் வீட்டுக் கூடத்தில் நின்று, பலர் கேட்கக் கணவனோடு பேச வேண்டும். என்ன பேசியிருக்க முடியும்? நலமா, பணம் வந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

மனம் திறந்த பேச்சு ஒலிநாடாவில் நிகழ்ந்தது. வளைகுடாவிலிருந்து வந்தவர் கொணர்ந்த 'டூ இன் ஒன்' பெட்டி வீட்டின் பெருமைப் பொருளாக இருந்தது. ஊர் திரும்புவோர் கையில் பதிவு செய்த நாடா ஒன்றும் கொடுத்தனுப்பப்படும். அதைக் கேட்டு அழுதபின் அதே நாடாவின் மறுபக்கத்தில் மறுமொழி பதியப்படும். எழுத்தறியாத தாயும் எவர் துணையுமின்றித் தன் மகனுக்குக் 'கடிதம்' வரைந்தது அப்போதுதான். கேரளத்தில் எஸ்.ஏ. ஜமீலின் துபாய்க் கடிதப் பாட்டு இப்பிரிவை இலக்கியமாக்கிற்று. தமிழில் அதற்கு இணையான ஒன்று புகழ் பெறாதது நம் குறைபாடே. அதற்கும் முந்திய கையடக்கக் கருவி டிரான்சிஸ்டர் வானொலி. அதை வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியிருந்தது. 1980களில்தான் அம்முறை ஒழிந்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். செய்தி கேட்பது தெரு முழுதும்.

செல்லிடப்பேசி இங்கு மெல்லவே வந்தது. சென்னை நகரம் தனி வட்டமாகவும் ஏனைய மாவட்டங்கள் தமிழ்நாடு வட்டமாகவும் அன்று பிரிக்கப்பட்டிருந்தன. ஏர்செல் 1999இல் சேவையைத் தொடங்கியது; பி.எஸ்.என்.எல். 2002இல் வந்தது. ஆயினும் வரும் அழைப்புக்கும் கட்டணம் வாங்கப்பட்டவரை அது வணிகர் கையோடு நின்றது. 2003 மே மாதத்தில், அழைப்பவரே பணம் தரும் முறை நடைமுறைக்கு வந்ததும் நிலைமை மாறிற்று. அழைப்பவர் வளைகுடாவில் சம்பாதிக்கும் மகன். கேட்பவள் ஊரிலுள்ள தாய். அவளுக்குச் செலவில்லை என்ற நிலை பிறந்தபின் கருவி வாங்கித் தர எவரும் தயங்கவில்லை. அவ்வாண்டிலேயே வெளிவந்த நோக்கியா 1100இன் கைவிளக்கு, மின்வெட்டுக்குப் பழகிய ஊர்களில் பேச்சுக்கு நிகரான பயன் தந்தது. 'மிஸ்டு கால்' என்ற காசில்லாத மொழி பிறந்ததும் இக்கட்டண முறையால்தான்.

அலைக்கற்றை அரசியலில் பெரம்பலூரின் பெயர் அடிபட்டதையும் விட்டுவிட இயலாது. பெரம்பலூர் தொகுதியின் உறுப்பினராக இருந்த ஆ. இராசா 2007 முதல் 2010 வரை மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தார். 2012 பிப்ரவரியில் 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் நீக்கியது; 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவ்வழக்கு வேறொரு கட்டுரைக்குரியது. நமது வினா சிறியது: ஒரு வீட்டில் இருக்கும் பேசி யாருடையது?

கணக்கெடுப்போர் இவ்வினாவுக்கு அருகே வந்து விலகிச் சென்றுள்ளனர். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, வீட்டுக்கு வீடு செல்லிடப்பேசி உண்டா என்று கேட்டது. நாட்டின் குடும்பங்களில் 63.2 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு தொலைபேசியும், 53.2 விழுக்காட்டினரிடம் செல்லிடப்பேசி மட்டுமே உள்ளதாகவும் தெரிந்தது. ஆனால் குடும்பம் என்பது பேசுவதில்லை. அதிலுள்ள ஆள் பேசுகிறார். அதே கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் ஆயிரம் ஆண்களுக்கு 1003 பெண்கள், அரியலூரில் 1015 பெண்கள். பெண்கள் மிகுந்த மாவட்டங்களில் வீட்டுக் கணக்கு மட்டும் போதாது. 2015-16இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தாமே பயன்படுத்தும்படியான செல்லிடப்பேசி தம்மிடம் உண்டா எனப் பெண்களைக் கேட்டது. இந்திய அளவில் 45.9 விழுக்காட்டினர் ஆம் என்றனர். 2019-21இல் இது 54 விழுக்காடாயிற்று. தமிழ்நாட்டின் விகிதம் இதைவிட உயர்ந்தது. எனினும் 'தம்மிடம் உள்ளது' என்பதும் 'தாமே பயன்படுத்துவது' என்பதும் ஒன்றா?

இங்கேதான் நம் ஃபிக்ஹு நூல்களின் நுட்பம் வியக்க வைக்கிறது. பொருளின் உடைமை வேறு, அதன் பயன் வேறு என்று பிரித்து, கைம்மாறின்றிப் பயனை மட்டும் பிறர்க்கு அளிப்பதை இரவல் என்னும் தனி இயலாகவே சட்ட அறிஞர்கள் வகுத்தனர். ஹனஃபீ மத்ஹபில் இரவல் என்பது பயனை உடைமையாக்குதல். ஆகவே பயன்பாடு மாறுபடாதவரை இரவல் பெற்றவர் இன்னொருவருக்கும் கொடுக்கலாம்; அவர் வரம்பு மீறாமல் பொருள் கெட்டால் ஈடு தர வேண்டியதில்லை, அது அமானிதம். ஷாஃபிஈ மத்ஹபில் இரவல் என்பது பயன்படுத்த அனுமதி மட்டுமே. உரியவர் இசைவின்றி மூன்றாமவருக்குத் தரலாகாது. அனுமதித்த பயன்பாட்டுக்கு வெளியே தொலைந்தால் ஈடு தர வேண்டும். பி.பி. எண்ணை இவ்விரு அளவுகோல்களிலும் நிறுத்திப் பார்த்தால் நம் தெருக்களின் நடைமுறை ஹனஃபீ நூல்களுக்கே நெருங்கியிருந்தது எனலாம். கூப்பிடும் உரிமை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாராளமாகக் கைமாறிற்று.

ஆனால் கணவன் துபாயிலிருந்து மனைவிக்கு அனுப்பிய கருவி இரவலா, அன்பளிப்பா? அன்பளிப்பாயின் அது ஹிபா. கொடுப்பவர் சொல்லும், பெறுபவர் ஏற்பும், பொருள் கைக்கு வந்து சேர்தலும் நிறைவேறினால் ஹிபா முழுமை பெறும். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டமும் முஸ்லிம்களின் ஹிபாவைத் தன் விதிகளிலிருந்து விலக்கி வைத்துள்ளது. கணவன் மனைவியரிடையே கைமாறிய ஹிபாவைத் திரும்பப் பெறுதல் ஹனஃபீ மத்ஹபில் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் பெற்றோர் பிள்ளைக்குத் தந்ததைத் தவிர வேறு எதையும் திரும்பக் கேட்க இயலாது. விடுமுறையில் வந்த கணவன் சினந்து மனைவியின் பேசியைப் பிடுங்கி வைத்துக்கொள்வதை வீட்டு விவகாரம் என்று கடந்து செல்வோர், அது பிறர் உடைமையைக் கவர்தல் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

உடைமை பற்றிய ஐயம் சாட்சியத்திலும் புகுந்தது. தந்தி வந்த நாளிலேயே, அதன்வழிப் பெறும் பிறைச் செய்தியை ஏற்கலாமா என்ற விவாதம் எழுந்துவிட்டது. திமிஷ்கின் ஜமாலுத்தீன் காஸிமீ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தந்திச் செய்தியை ஏற்பது குறித்துத் தனி நூலே எழுதினார். தேவ்பந்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீ, புதிய கருவிகள் பற்றிய சட்டங்களை உருதுவில் தொகுத்தார். திரைக்குப் பின்னிருந்து கேட்ட குரலைக் கொண்டு சாட்சி சொல்ல இயலாது. ஏனெனில் ஒரு குரல் மற்றொன்றைப் போலிருக்கும் என்ற பழைய ஃபிக்ஹு நெறி தொலைபேசிக்கும் பொருத்தப்பட்டது. மேகம் சூழ்ந்த நாளில் ரமளான் தொடக்கத்துக்கு நேர்மையாளர் ஒருவர் தரும் செய்தி போதும் என்றும், ஷவ்வாலுக்கு இரு சாட்சியர் வேண்டும் என்றும் ஹனஃபீகள் பிரித்துக் காட்டியதால், தொலைபேசிக்கு முன்னதில் சற்று இடம் கிடைத்தது.

செல்லிடப்பேசியில் அழைப்பவர் எண் திரையில் தோன்றியதும் ஐயம் தீர்ந்ததாகப் பலர் கருதினர். தீரவில்லை. எண் காட்டுவது சிம் அட்டை யார் பெயரில் உள்ளது என்பதையே; பேசுபவரை அன்று. ஒரே கருவியை நால்வர் புழங்கும் வீட்டில் குறுஞ்செய்தி அனுப்பியவர் யாரென்று யார் சாட்சி சொல்வது? குறுஞ்செய்தியில் தலாக் என்ற கொடுமை எழுந்தபோது உலமாக்கள் முதலில் கேட்ட கேள்வியும் இதுவே: அனுப்பியவர் தாமே என்று கணவன் ஒப்புகிறானா? 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முத்தலாக் செல்லாது என்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்னணு வடிவில் சொல்லப்பட்டதையும் பெயர் குறித்தே உள்ளடக்கிற்று. அச்சட்டத்தின் தண்டனைப் பகுதி பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் ஒரு பெண்ணின் மணவாழ்வு முடிந்த செய்தி அவள் மாமனாரின் பேசிக்கு வந்து சேரக் கூடிய நிலையை எந்த மத்ஹபும் மெச்சாது.

திறன்பேசி வந்தபின் ஒலிநாடாக் கடிதம் வாட்ஸ்அப் குரல்பதிவாக மறுபிறவி எடுத்தது. சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் இணையவழி அழைப்புகளுக்கான தடையை நீக்கியது. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்கான தடை நெடிது நீடித்தமையால் அங்குள்ளோர் வேறு செயலிகளை நாடினர். 2020இல் விமானங்கள் நின்றபோது, தந்தையின் ஜனாஸாவைக் கைத்திரையில் மட்டுமே கண்ட பிள்ளைகள் பலர்.

இதற்கிடையே பேசி, பேசுவதற்கான கருவி என்ற நிலையைக் கடந்துவிட்டது. 2017இல் வந்த மின்னணுக் குடும்ப அட்டை ஓர் எண்ணோடு இணைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய்க்கும் எண் கேட்கப்பட்டது. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அவ்வெண்ணுக்கே வருகிறது. அது மகன் பெயரிலிருந்து, அவன் சிங்கப்பூர் சென்று புது எண் வாங்கினால், தாயின் கணக்குக்குரிய சாவி அவனோடு போய்விடுகிறது. 90 நாள்வரை பயன்படுத்தாத எண்ணைத் துண்டிக்கலாகாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் விதித்தது. அக்கெடு கடந்தால் அவ்வெண் அறியாத ஒருவர் கைக்கும் போகக்கூடும். அயல் வீட்டுக் கூடத்தில் நின்று பேசியவள் பேச்சை மட்டுமே இரவல் வாங்கினாள். இன்று அவள் மகளோ தன் பெயரையும் பணத்தையும் பிறர் எண்ணில் வைத்திருக்கிறாள்.

மஹல்லா ஜமாஅத்துகள் பலவற்றின் பதிவேடு தலைக்கட்டு வாரியாகவே அமைந்துள்ளது. தலைக்கட்டு ஆண், அவர் எண்ணே பதிவில். அவர் ரியாதில் இருந்தால் தெருவில் நடக்கும் மையித்தின் அறிவிப்பும் ரியாதுக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிறது. பதிவேட்டைப் புதுப்பிக்கும் ஜமாஅத்துகள், வீட்டுப் பெண்ணின் சொந்த எண்ணுக்கென ஒரு கட்டத்தைக் கூடுதலாக வரையலாம். அக்கட்டம் எத்தனை வீடுகளில் வெறுமையாக நிற்கிறது என்பதே, கணக்கெடுப்புகள் கேளாது விட்ட வினாவுக்கு விடையாகும்.