கல்லில் வெட்டிய ஆதுலசாலையும் நாம் அறியவேண்டிய உதவி நிலையங்களும்

பழைய சரித்திரத்தை ஆராய்வதால் விளையும் பயன், முன்னோர் பெருமையைப் பேசி மகிழ்வது மட்டுமன்று. இன்று நாம் செய்யவேண்டுவது யாதென்று தெளிதலும் அதன் பயனேயாம். நோயுற்றவனுக்கும், வேலையிழந்தவனுக்கும், ஆதரவற்ற முதியோருக்கும் உதவி எங்கே கிடைக்கும் என்பதை ஊரார் அறிந்திருத்தல் எத்துணை இன்றியமையாததென்பதை, நமது மணிமங்கலத்தையும் அதே ஜில்லாவிலுள்ள திருமுக்கூடலையும் பற்றிய சாசனங்களைக்கொண்டு ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம். நமது சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் இதனை ஊன்றிப் படிப்பார்களாக.

மணிமங்கலம் என்றவுடன் சரித்திரம் கற்றோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது போரே. கி.பி. 642-ஐ ஒட்டிய காலத்தில், சளுக்க மன்னன் இரண்டாம் புலகேசியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் முறியடித்த களங்களுள் ஒன்று நம்மூர். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்னும் மூன்று களங்களையும் கூரம் செப்பேடு குறிக்கின்றது. பின்னர்ச் சோழர் ஆட்சியில் இவ்வூர் செங்காட்டுக் கோட்டத்து மாகணூர் நாட்டைச் சார்ந்ததாய், லோகமகாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்றும், இராசசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என்றும் பெயர் பெற்றது. இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவர்களிலுள்ள கல்வெட்டுக்களை ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் 3-ம் புத்தகத்தில் வெளியிட்டார். அவற்றுள் வீரராசேந்திர சோழனது 5-ம் ஆட்சியாண்டுச் சாசனம் ஒன்று, கூடல்சங்கமத்தில் அவன் சளுக்க ஆகவமல்லனை வென்ற செய்தியை விரித்துரைக்கின்றது.

நிற்க. கி.பி. 1063 முதல் 1070 வரை ஆண்ட அவ்வீரராசேந்திரனுடைய மற்றொரு சாசனம் திருமுக்கூடலில் உளது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுசேரும் இடமாதலின் அவ்வூர்க்கு அப்பெயர் அமைந்தது. இன்று வாலாஜாபாத்துக்கு அணித்தாய், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் வெங்கடேசப் பெருமாள் கோயிலோடு விளங்குகின்றது. அக்கோயிற் சுவரிற் பொறித்துள்ள நீண்ட சாசனமும் அரசனது போர்ப் புகழைக் கூறியே தொடங்குகிறது. ஆயினும் அதன் சிறப்பு போரில் இல்லை. கோயிலைச் சார்ந்து நடந்த ஒரு கல்விச்சாலையையும், மாணாக்கர் உண்டுறையும் விடுதியையும், ஒரு வைத்தியசாலையையும் பற்றிய முழுக் கணக்கும் அதில் உளது. இவை நடைபெற்ற சனநாத மண்டபத்தைக் கட்டுவித்தவன் மாதவன் தாமயன் என்னும் ஒரு வைசியன். இச்சாசனத்தை கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவர்கள் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டுள்ளார்.

அவ்வைத்தியசாலையின் பெயர் வீரசோழன் ஆதுலசாலை. ஆதுலர் என்பார் பிணியாளர். அங்கே 15 பிணியாளர் தங்கியிருக்க இடமுண்டு. அவர் ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. வைத்தியம் பார்ப்பவர் ஆலப்பாக்கத்துச் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் ஊதியம். சல்லியக்கிரியை, அதாவது அறுத்து மருத்துவம் செய்பவனுக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்துக்கொணர்ந்து, விறகிட்டு, மருந்து காய்ச்ச உதவும் இருவருக்கு 60 கலம் நெல்லும் 2 காசும். பிணியாளர் அருகிருந்து மருந்தூட்டும் பெண்டிர் இருவருக்கு 30 கலம் நெல்லும் 1 காசும். நாவிதனுக்கு 15 கலம். தண்ணீர் கொணர்வானுக்கு 15 கலம். ஓராண்டுக்கு வேண்டும் மருந்துச் சேமிப்புக்கு 40 காசு. இரவு முழுதும் எரியும் விளக்கொன்றுக்கும் எண்ணெய்ச் செலவு தனியே குறிக்கப்பட்டுளது. இருட்டில் நோயாளி தனித்து நடுங்கலாகாதென்று எண்ணிச் செய்த ஏற்பாடன்றோ அது!

மருந்துகளின் பெயரையும் சாசனம் விடவில்லை. தசமூல ஹரீதகி, வாசா ஹரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம், விமலை, சுநேத்திரி என ஏறக்குறைய 20 வகை மருந்துகள் அட்டவணையாக வெட்டப்பட்டுள்ளன. ஹரீதகி என்பது நம் வீட்டுக் கடுக்காயே. கிருதம் நெய்யிற் காய்ச்சிய மருந்து.

இச்செய்தி வியப்பினைத் தருவதோடு அமையாது. இதனுள் மூன்று படிப்பினைகள் உள. முதலாவது, உதவி இன்னதென்றும், அதனைச் செய்பவர் இன்னாரென்றும், செலவுக்கு வழி இன்னதென்றும் ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்தமை. இரண்டாவது, அவ்வரையறையை ஓலையில் எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், பலரும் வந்து போகும் கோயிற் சுவரில் வெட்டிவைத்தமை. எழுத்தறிந்தவன் படித்தான், அறியாதவனுக்குப் படித்துச் சொல்ல ஒருவன் இருந்தான். மூன்றாவது, அதன் குறைபாடு. அந்த 15 படுக்கைகளும் கல்விச்சாலை மாணாக்கருக்கும் கோயிற் பணியாளருக்குமாக ஏற்பட்டவை. வயலில் உழுதவனுக்கும், சேரியில் வாழ்ந்தவனுக்கும் அச்சுவரில் உரிமை எழுதப்படவில்லை. முன்னோரைப் போற்றுங்கால் இதனையும் மறவாது சொல்லுதல் சரித்திரத்துக்கு அழகாம்.

இத்தகைய சாலைகள் தமிழகத்தில் வேறிடங்களிலும் இருந்தன. விக்கிரம சோழன் காலத்தில், 1121-ல், திருவாவடுதுறையில் மருத்துவ நூல்கள் பயிலுவோருக்கு உணவு வழங்கியதைச் சாசனத்தால் அறிகிறோம். திருவரங்கத்து ஆரோக்கியசாலை சிதைந்தபின், 1493-ல் கருடவாகன பட்டர் அதனைப் புதுப்பித்தார். ஆயினும் பொதுமக்கள் யாவருக்கும் உரிய வைத்தியமென்பது பிற்காலத்திலேதான் படிப்படியாக எழுந்தது.

சென்னைக் கோட்டையில் 1664-ல் கும்பெனியாரின் படைவீரருக்கென ஏற்பட்ட ஆஸ்பத்திரியே, நாளடைவில் எல்லார்க்கும் திறந்து இன்றைய பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. நமக்கு அண்மையிலுள்ள தாம்பரத்தில், காசநோயாளருக்கென டாக்டர் சௌரிமுத்து அவர்கள் 1928-ல் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் நிறுவினார். 1937-ல் சென்னை அரசாங்கத்தார் அதனை ஏற்றனர். ரயில் நிலையம் ஒன்று இன்றும் அப்பெயர் தாங்கி நிற்கின்றது. 1939-ல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பெற்றது. இந்நாட்டில் இவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது. 1946-ல் போர் கமிட்டியார், கிராமத்தான் வைத்தியத்தைத் தேடி நகரத்துக்கு அலையலாகாது, வைத்தியம் அவனது ஊரையடுத்து இருத்தல் வேண்டும் என்னும் கருத்தை வற்புறுத்தினர். 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை நிலையமும், 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் என்பது இன்றைய கணக்கு. திருமுக்கூடற் சுவரில் இடம்பெறாதவனுக்கு இங்ஙனம் இடங்கிடைக்க ஏறக்குறைய 900 ஆண்டுகள் சென்றன.

இனி நம் காலத்து நிலையை நோக்குவோம். 1996-க்குப் பின் இருங்காட்டுக்கோட்டையிலும், பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளிலும் மோட்டார் வண்டி முதலிய பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த ஊர்களில் இன்று மாதச் சம்பளக்காரரும், ஒப்பந்தத் தொழிலாளரும், வடநாட்டிலிருந்து பிழைக்க வந்தோரும் நிறைந்துளர். கூட்டுக் குடும்பம் தளர்ந்தது. பக்கத்து வீட்டார் யாரென்று அறியாதாரும் பலர். முன்பு நோய் வந்தால் பங்காளியும் மாமன் மைத்துனரும் ஓடிவந்தனர். இன்று ஓடிவருவார் இல்லாதவிடத்து, நகையை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் பணங்கட்டி, பின் வட்டிக்கு அடிமையாகும் குடும்பங்களை நாம் கண்ணாரக் காண்கின்றோம். உதவி இல்லாமையால் அன்று. உள்ள உதவியை அறியாமையாலேயே இக்கேடு பெரும்பாலும் விளைகின்றது. ஆதலின் அவ்வுதவிகளை ஒருவாறு தொகுத்துரைப்போம்.

தொழிற்சாலையில் உழைப்போர் முதலில் அறியவேண்டுவது தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ். 1948-ம் வருஷத்துச் சட்டத்தால் தோன்றி, தமிழ்நாட்டில் 1955-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய இத்திட்டத்தை மக்கள் ஈ.எஸ்.ஐ. என்பர். 2017-ல் இதன் சம்பள வரம்பு மாதம் ரூ. 21,000 ஆக உயர்ந்தது. 2019 முதல் தொழிலாளி செலுத்துவது சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் பங்கு. முதலாளி செலுத்துவது மூன்றேகால் பங்கு. இதனால் அவனுக்கும் அவன் குடும்பத்தாருக்கும் வைத்தியம் உண்டு. நோயுற்று வேலைக்குச் செல்லாத நாட்களுக்கு, உரிய தவணை செலுத்தியிருப்பின், வருஷத்தில் 91 நாள் வரை நூற்றுக்கு 70 பங்கு சம்பளம் உண்டு. பெண்களுக்குப் பேறுகாலத்தில் 26 வாரச் சம்பளம் உண்டு. சம்பளச் சீட்டில் இப்பிடித்தம் இருந்தும் தன் இன்ஷூரன்ஸ் எண்ணை அறியாதவன், தன் பெட்டியின் சாவியைப் பிறனிடம் விட்டவனை ஒப்பான்.

ஈ.எஸ்.ஐ. இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு 2009-ல் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. 2022-ல் இதன் வருமான வரம்பு ஆண்டுக்கு ரூ. 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. குடும்பத்துக்கு வருஷம் ரூ. 5 லட்சம் வரை குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குப் பாதுகாப்பு ஏற்பட்டது. நோய் வந்தபின் அட்டைக்கு அலையாமல், உடல் நலமாயிருக்கும்போதே வருமானச் சான்று பெற்று, கலெக்டர் ஆபீசில் பதிந்துகொள்ளுதல் நன்று. கருவுற்ற மகளிர் கிராம சுகாதாரச் செவிலியிடம் உடனே பதிந்துகொள்ளவேண்டும். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் 1987-ல் தொடங்கிய பேறுகால உதவி, 2018-ல் ரூ. 18,000 ஆக உயர்ந்தது. நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ள முதியோருக்கு, 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியே மருந்து வீட்டுக்கே வருகின்றது. முதியோர் உதவித்தொகை 1962-ல் தொடங்கியது. 2023-ல் மாதம் ரூ. 1,200 ஆயிற்று, அதற்குத் தாலூகா ஆபீசில் மனுச் செய்யவேண்டும்.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓயாது ஓடுகின்றன. விபத்து நேரின் 108 என்னும் எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துற்றவர் எந்நாட்டவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மனத்துயரால் வாடுவோர் 14416 என்னும் எண்ணிலும், கொடுமைக்கு உள்ளான மகளிர் 181-லும், குழந்தைகளின் பொருட்டு 1098-லும், முதியோர் 14567-லும் பேசலாம். கோர்ட்டு வழக்குக்கு வக்கீல் வைக்க இயலாதார் 15100-ஐ அழைக்கலாம். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி மகளிருக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் வருமானம் பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. இவற்றுள் எதுவும் பிச்சையன்று, உரிமையாம். கேட்க வெட்கப்படுதல் பேதைமை.

இவ்விடத்தில் நமது சங்கத்தின் கடமையைப் பற்றி ஒரு வார்த்தை. சாதிச் சங்கங்கள் பலவும் தோன்றியது தம்மவர்க்குக் கல்வியும் விடுதியும் தேடிக் கொடுக்கவே. விருதுநகர் நாடார் பெருமக்கள் தம் மகமைப் பணத்தால் 1885-ல் நிறுவிய பள்ளியை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்துவைத்தனர். அதனால் அவர்கள் இழந்தது யாதுமில்லை, பெற்றது நன்மதிப்பு. மணமாலையும் வாழ்த்துச் செய்தியும் வெளியிடுவதோடு ஒரு சங்கம் அமைதல் தகாது. அங்ஙனமே, நம்மவருக்கு மாத்திரம் என்று உதவிக்கு வேலி கட்டுதலும் தகாது. அடுத்த வீட்டில் பரவும் தொற்றுநோய் குலங்கேட்டு வருவதில்லை. ஒரு ஹிந்துஸ்தானித் தொழிலாளியின் பிள்ளைக்கு அம்மை ஊசி எங்கே போடுகிறார்கள் என்று நாம் வழி காட்டினால், அப்பயன் நம் பிள்ளைகளையும் சாரும்.

ஆதலின் மூன்று காரியங்களை அன்பர்கள் முன் வைக்கின்றோம். ஒன்று: ஒவ்வோர் ஊரிலும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், ஈ.எஸ்.ஐ. மருந்தகம், அங்கன்வாடி, செவிலி வரும் நாள், மேற்கூறிய எண்கள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி, நமது சங்கக் கட்டிடத்திலும், கோயில் வாயிலிலும், ரேஷன் கடையருகிலும் தொங்கவிடுதல். தமிழறியாதாருக்காக ஹிந்தியிலும் எழுதுதல். இரண்டு: படித்த இளைஞரும் மகளிருமாக ஊருக்கு இருவர், மனு எழுதிக் கொடுக்கவும், முதல் முறை ஆபீசுக்குக் கூடச் செல்லவும் முன்வருதல், திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளுக்கு முதியோரைத் துணையாக அழைத்துச் செல்லுதல். மூன்று: ஆறு மாதத்துக்கு ஒரு முறை அப்பலகையைத் திருத்துதல். மாறிப்போன எண்ணும் மூடிப்போன நிலையமும் பலகையில் இருந்தால், அது வழிகாட்டாமல் வழிகெடுக்கும்.

வீரராசேந்திரன் வென்ற கூடல்சங்கமத்தால் இன்று உயிர் பிழைப்பார் ஒருவருமில்லை. அவன் நாளில் 15 பிணியாளருக்கு ஒரு நாழி அரிசியும், மருந்தூட்ட இரு பெண்டிரும், இரவெல்லாம் எரிய ஒரு விளக்கும் வைத்த செயலையே உலகம் இன்றும் எடுத்துப் பேசுகின்றது. கல்லில் வெட்ட நமக்கு வசதியில்லையாயினும் பலகையில் எழுதச் சுண்ணாம்பும் தூரிகையும் உள. வரும் மாதக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக்கி, நமது ஊரில் உதவியறியாது வாடுவார் ஒருவரும் இலர் என்னும்படி செய்வோமாக.