வேண்டாத பகுதி என்று வெட்டியது



வெள்ளவத்தை ஞாயிறு வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், நொதியம் எல்லாமே புரதம்தானா?" நாமும் இத்தனை வருடமாகப் பலகையில் அப்படித்தான் எழுதி வந்தோம். அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதிலை, பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறோம்.

1982 வரை உலகமும் அப்படித்தான் நம்பியது. அந்த வருடம் அமெரிக்காவில் தோமஸ் செக், டெட்ராஹைமினா என்ற ஒரு கல உயிரியின் ஆர்.என்.ஏ., புரதத்தின் உதவியே இல்லாமல் தன்னைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். அடுத்த வருடம் சிட்னி ஆல்ட்மனின் குழு இன்னொன்றைக் காட்டியது. 1989இல் இருவருக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு. இப்படி வேலை செய்யும் ஆர்.என்.ஏ.க்கு ரைபோசைம் என்று பெயர்.

அப்படியானால் நாமே ஒன்றை வடிவமைத்து, நோய்க் கிருமியின் ஆர்.என்.ஏ.யை வெட்டலாமே என்ற ஆசை பிறந்தது. 1986இல், புகையிலையைத் தாக்கும் ஒரு வைரஸோடு சேர்ந்து திரியும் ஆர்.என்.ஏ.யில் மிகச் சிறிய ரைபோசைம் ஒன்று கிடைத்தது. வரைந்து பார்த்தால் சுத்தியல் தலை போல இருக்கும். அதுவே அதன் பெயரும் ஆயிற்று. மூன்று கைகள், நடுவில் வெட்டு நடக்கும் இடம்.

ஆய்வாளர்கள் சிக்கனம் பார்த்தார்கள். நடுப்பகுதி இருந்தால் போதும் என்று, கைகளின் நுனியில் இருந்த வளையங்களை நறுக்கிவிட்டார்கள். சோதனைக் குழாயில் அது வேலை செய்தது; ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு வெட்டு. ஆனால் அதற்கு மக்னீசியம் நிறைய வேண்டும். உயிருள்ள கலத்துக்குள் அவ்வளவு மக்னீசியம் கிடையாது. அங்கே அது சோர்ந்து போனது.

2003இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காரணத்தைக் கண்டுபிடித்தன. ஒன்று ஸ்பெயினில், மற்றக் குழுவின் கட்டுரையில் நமக்குப் பழக்கமான ஜயசேன என்ற பெயரும் இருக்கிறது. வெட்டி எறிந்த வளையங்களைத் திரும்பச் சேர்த்ததும், குறைந்த மக்னீசியத்திலேயே வேலை நடந்தது. 2006இல் முழு உருவம் பளிங்கு வடிவில் தெரிந்தது: வெட்டும் இடத்துக்கு எட்டத்தில் இருக்கும் இரண்டு கைகள் ஒன்றையொன்று தொட்டு, நடுப்பகுதியைச் சரியான நிலையில் பிடித்து வைத்திருக்கின்றன. வேகம் சில நூறு மடங்கு வரை கூடுகிறது.

நம் நாட்டு சிறில் பொன்னம்பெருமவையும் நினைக்கிறோம். காலியில் பிறந்து, கொழும்பு சென். ஜோசப் கல்லூரியிலும் படித்தவர். 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற பட்டம் தத்துவம்! இரசாயனவியல் அதற்குப் பிறகுதான். 1963இல் மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றிலிருந்து அடினீனை உண்டாக்கிக் காட்டிய குழுவில் அவர் இருந்தார். ஆர்.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் அடினீன் ஒன்று. உயிர் எப்படித் தொடங்கியது என்று வாழ்நாள் முழுக்கத் தேடியவருக்கு, தத்துவம் வீண் வளையமா?

ஒரு மூலக்கூறு பிள்ளைக்கு ஆதாரம் ஆகாது, உண்மைதான். ஆனால் பரீட்சை வருடம் வந்ததும் சித்திரம், விளையாட்டு, வாசிகசாலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறோம். ஆசிரியர்களான நாமும் சேர்ந்துதான் சொல்கிறோம். கொட்டாஞ்சேனையோ வெள்ளவத்தையோ, வெட்டுவதற்கு முதல் ஒரு தரம் வந்து பேசுங்கள். எது எதைத் தாங்கிப் பிடிக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.