மலாக்காத் தோட்டத் தமிழரிடையே தடுப்பூசி ஐயமும் மருத்துவரின் மொழியும்

மலாக்கா, காஜா பெராங்கில் 1822இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயிலுக்கு மலாக்காச் செட்டிகள் ஆண்டுதோறும் எடுக்கும் விழாவை ‘டத்தோ சாச்சார்’ என்பார்கள். சாச்சார் என்றால் அம்மை. வீட்டில் தமிழ் மறைந்து மலாய் குடியேறிய பிறகும் அச்சமூகம் அம்மையை ஆளும் தாயை விட்டுவிடவில்லை. தடுப்பூசி மீதான மக்களின் ஐயத்தை ஆராய்வதற்கு இதுவே தக்க தொடக்கம். அம்மை அவர்களுக்கு வீடு தேடி வந்த தெய்வமும் ஆகும். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்பிய குடும்பம், அரசாங்கத்து ஆள் வந்து கையைக் கீறி அம்மைப்பால் ஏற்றுவதை எளிதில் ஏற்றிருக்க முடியாது.

இந்தச் சிக்கலைச் சென்னையில் ஆங்கில அதிகாரிகளே உணர்ந்திருந்தார்கள். 1802இல் பசு அம்மைப்பால் இந்தியா வந்து சேர்ந்தது. பின்னாளில் சென்னைக் கலெக்டரான எல்லிஸ், அம்மை குத்துவது பசு தந்த வரம் என்று தன்வந்திரியும் சக்தியும் உரையாடுவதாக ஒரு கதையே புனைந்தார். அது நேர்மையான வழியன்று. ஆனாலும் மக்களின் நம்பிக்கைக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. மலாக்காவை ஆண்ட நீரிணைக் குடியேற்ற அரசு சட்டத்தையே பெரிதும் நம்பியது. 1868இல் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது.

1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட பிறகு மலாக்காத் தோட்டங்கள் பெருகின. ஆள் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தமிழ்த் தொழிலாளரைத் தங்கவைத்து, அம்மை குத்தி, பிறகே கப்பல் ஏற்றினார்கள். குத்திய மூன்று நான்கு நாளில் கை சிவந்து தடிக்கும், எட்டு, ஒன்பதாம் நாளில் முத்துப்போல் கொப்புளம் திரண்டு சீழ் கட்டும், காய்ச்சலும் வரும். இத்தனையும் அம்மன் இறங்கியதன் அடையாளங்கள். நோயைத் தடுக்க வந்த மருந்து, பார்வைக்கு அந்த நோயாகவே இருந்தது. அதை விளக்கிச் சொல்வதற்கான ஏற்பாடு முகாமில் இல்லை. கையை நீட்டாதவருக்குக் கப்பலும் இல்லை. அம்மைத் தழும்பு இவ்வாறு பயணச்சீட்டின் ஒரு பகுதியாயிற்று. என் கணிப்பில், தோட்டத் தமிழருக்கும் மேலை மருத்துவத்துக்கும் இடையிலான உறவு கோணலானது இங்கேதான்.

தோட்டத்துக்கு வந்த பின் மருத்துவம் என்றால் டிரசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர்தான். வெள்ளைக்கார டாக்டர் எப்போதோ வருவார். அன்றாடம் காயத்துக்கு மருந்திட்டு, மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்தவர் டிரசரே. பலர் யாழ்ப்பாணத்தார் அல்லது மலையாளிகள். தமிழ் பேசத் தெரிந்தவர்கள். ஆனால் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், ‘உடம்பு சரியில்லை’ என்பவர் உண்மையிலேயே நோயாளியா, வேலைக்குப் போகத்தக்கவரா என்று முடிவு சொல்பவரும் அவரே. அன்றைய கூலி அவர் வாய்ச்சொல்லில் இருந்தது. ஆக, அவர் தமிழில் பேசியபோதும் துரையின் குரலாகவே கேட்டது. மருத்துவர் மக்கள் மொழியில் பேசினால் போதும் என்போர் இதை மறந்துவிடுகிறார்கள். எந்தப் பக்கம் நின்று பேசுகிறார் என்பதையும் மக்கள் பார்க்கிறார்கள்.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1961இல் காசநோய்த் தடுப்பூசி நாடு முழுவதும் வந்தது. நாட்டுப்புறக் கிளினிக்குகள் கம்பங்கள் எனப்படும் மலாய்ச் சிற்றூர்களை மையமாக வைத்து எழுந்தன. ஆனால் தோட்டத்து நலம் முதலாளி பொறுப்பிலேயே தங்கிவிட்டது. இருந்தும் பிள்ளைப்பேறு பார்த்து, குழந்தையை மாதந்தோறும் எடைபோட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்ட ‘மிஸ்ஸி’ என்ற செவிலி மீது தாய்மார் நம்பிக்கை வைத்தார்கள். கூலியை வெட்டும் அதிகாரம் அவர் கையில் இல்லை என்பது அதற்கு முக்கியக் காரணம்.

அண்மைக்கால மறுப்பு வேறு வகை. மலேசியாவில் தடுப்பூசியை மறுத்த பெற்றோர் எண்ணிக்கை 2013இல் 637, 2016இல் 1,603. அதே 2016இல் தொண்டை அடைப்பான் நோய் திரும்பி வந்து, மலாக்காவிலும் ஒரு குழந்தையின் உயிரைக் குடித்தது. தடுப்பூசி ஹலாலா என்ற ஐயமே பெரிதாகப் பேசப்பட்டதால், அவ்வாண்டு மருத்துவர்கள் தொடங்கிய ‘மெடிக்கல் மித்பஸ்டர்ஸ் மலேசியா’ வதந்திகளுக்குப் பெரும்பாலும் மலாயில் மறுமொழி எழுதியது.

தமிழருக்கான சோதனை 2021இல் வந்தது. ஏப்ரல் 15ஆம் நாள் சென்னையில் நடிகர் விவேக் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் நாள் இறந்தார். அவர் படங்களைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு வீட்டுக்கும், கடல் கடந்தும், அச்செய்தி உடனே போய்ச் சேர்ந்தது. இதயத்தின் முக்கிய இரத்தக்குழாய் முழுவதும் அடைபட்டிருந்ததாக மருத்துவர்கள் அப்போதே அறிவித்தார்கள். தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்ற ஆய்வுக்குழுவின் முடிவு அக்டோபரில்தான் வெளியானது. ஐயம் அரைநாளில் பரவ, விடைக்கு ஆறு மாதம் ஆயிற்று. அந்த இடைவெளியில் பதில் சொல்ல வேண்டியவர் அந்தந்த ஊர் மருத்துவர். ‘வதந்தியை நம்பாதீர்’ என்ற அறிவிப்பு பதிலாகாது. அதே அக்டோபரில் மலேசியாவின் வயதுவந்தோரில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி பெற்றிருந்தனர். பயந்தவர்களும் கேட்கத் தயாராகவே இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்வரலாற்றின் அரசாங்க ஏடுகள் ஆங்கிலத்தில், அதிகாரிகளின் பார்வையில் எழுதப்பட்டவை. ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் ஓய்வுபெற்ற டிரசர்களும் மிஸ்ஸிகளும், ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிச் சென்ற பாட்டிமாரும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை மாணவர்களும் மலாக்காத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் அவர்களை நேரில் கண்டு, அவர்கள் சொல்வதை இப்போதே பதிவு செய்ய வேண்டும்.