நெலுவும் குறிஞ்சியும்: மலையகத்து நீலப்பூக்களை இனங்காணல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகம் பற்றித் தமிழில் எழுதுவோர் அதனைக் 'குறிஞ்சி நிலம்' என்றழைப்பது இன்று ஒரு வழக்காகிவிட்டது. கவிதைத் தொகுதிகளின் முன்னுரைகளிலும் விழா மலர்களின் வாழ்த்துரைகளிலும் அரசியல் மேடைகளிலும் இச்சொல் தாராளமாகப் புழங்குகின்றது. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்னும் இலக்கண வாய்பாட்டை அறிந்தவர் எவரும் இதிற் குற்றங் காணார். ஆயினும், அவ்வாய்பாட்டுக்கு முன்னரே குறிஞ்சி என்பது ஒரு செடியின் பெயர் என்பதும், அச்செடி கணுவும் இலையும் கேசரமும் உடைய ஓர் உயிர்ப்பொருள் என்பதும் மறக்கப்பட்டுவிடுகின்றன. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் வழியோரத்தில் நீலமாகவோ ஊதாவாகவோ எது பூத்திருப்பினும் அதனைக் குறிஞ்சி என்று எழுதிவிடும் பழக்கம் இம்மறதியின் விளைவே. பூவைப் பூவாக இனங்காண்பது தாவரவியலாரின் தொழிலன்றோ, இலக்கிய மாணவருக்கு இதில் என்ன அக்கறை எனக் கேட்கப்படலாம். எந்தப் பூ எவ்விடத்தில் எஞ்சியுள்ளது, அதற்கு எம்மொழியிற் பெயருண்டு, எம்மொழியிற் பெயரில்லை என்னும் வினாக்கள் ஈற்றில் நிலத்தையும் உழைப்பையும் பற்றிய வினாக்களே என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

முதலிற் குறிஞ்சியையே எடுத்துக்கொள்வோம். அதன் தண்டு கரியது என்றும், அதன் பூவைக்கொண்டு தேனீக்கள் பெருந்தேன் திரட்டும் என்றும் குறுந்தொகையின் மூன்றாம் பாடலால் அறிகின்றோம். இவ்விரு குறிப்புகளும் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்னும் தாவரச் சாதிக்கு நன்கு பொருந்துவன. 1826இல் புளூமே இட்ட இப்பெயர் 'கூம்புப்பூ' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களாலானது. பூவடியிலைகள் ஒன்றன்மேலொன்றாக நெருங்கி அடுக்கப்பட்டுப் பைன் மரக் கூம்பைப்போலத் தோற்றுவதே இதற்குக் காரணம். நீலகிரியின் நீலக்குறிஞ்சி இச்சாதியின் ஓரினம். ஈழத்து மலைகளிற் சிங்கள மக்கள் 'நெலு' என்பன இச்சாதியைச் சேர்ந்த ஏறத்தாழ 30 இனங்களாகும். அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை.

நெலுவை நிறத்தால் அறிய முற்படுவோர் ஏமாறுவர். நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, வெண்மை என நிறம் இனத்துக்கினம் வேறுபடும். உறுப்புகளைக் கொண்டே அதனை அறிதல் வேண்டும். தண்டு பெரும்பாலும் நாற்கோணமுடையது, கணுக்கள் பருத்திருக்கும். இலைகள் எதிரெதிராக அமையும். பல இனங்களில் ஒரு சோடியின் ஓரிலை பெரிதாகவும் மற்றையது சிறிதாகவும் இருக்கும். உலர்ந்த இலையைக் கைவில்லையால் நோக்கினால் மேற்பரப்பில் நுண்ணிய வெண்கோடுகள் தென்படும். அவை இலையினுள் உறைந்த சுண்ணப் படிவுகளாகும். அல்லிகள் அடியில் ஒன்றிணைந்து புனல்போல் விரிந்து விளிம்பில் ஐந்து மடல்களாகப் பிரியும். கேசரங்கள் நான்கு அல்லது இரண்டு. ஐந்து மடலுள்ள பூவில் ஐந்து கேசரம் இராமை அகாந்தேசியே குடும்பத்தின் நம்பத்தக்க அடையாளம். காய் முதிர்ந்து உலர்ந்ததும் வெடித்து, பெரும்பாலும் நான்காயுள்ள விதைகளைத் தொலைவில் எறியும்.

இவையனைத்தினும் வியப்பிற்குரியது அதன் காலக்கணக்கு. பல இனங்கள் ஆண்டுக்கணக்கிற் பூவாது நின்று, ஒரு பருவத்தில் ஒருங்கே பூத்து, விதைத்து, ஒருங்கே மடிகின்றன. பன்னீராண்டுச் சுழற்சி யாவரும் அறிந்தது. ஈழத்துக்கேயுரிய ஓரினத்துக்கு 'ஆறாண்டுக்கொருமுறை' எனப் பொருள்படும் 'செக்செனிஸ்' என்னும் இனப்பெயரும் உண்டு. 2013இல் ஹோட்டன் சமவெளியில் நெலு பூத்தபோது அதைக் காணத் திரளானோர் சென்றனர். விதை முதிரும் காலத்திற் காட்டுக்கோழிகள் அதனை நாடிவருவதும் மலைக்கிராமங்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி.

நெலு எவ்விடத்து வளர்கின்றது என்பது இங்கு முக்கியமானது. அது மேட்டுநிலக் காட்டின் கீழ்த்தளச் செடி. ஓங்கிய மரங்களின் நிழலில், ஈரமண்ணில், இடைவெளியின்றி அடர்ந்து வளர்வது. மரத்தை வீழ்த்தி எரியூட்டிய நிலத்தில் அதற்கு இடமில்லை. தேயிலை மலையின் நடுவே நிற்கும் ஒருவர் தம்மைச் சுற்றிக் குறிஞ்சி இருப்பதாக எழுதுவாராயின், அவர் கண்ணாற் காண்பதைவிட்டு ஏட்டிற் படித்ததையே எழுதுகின்றார்.

அங்ஙனமாயின் தோட்டத்துப் பாதைகளிலும் ஓடைக்கரைகளிலும் பத்தனைப் புல்வெளிகளிலும் உண்மையிற் காணப்படும் நீலமும் ஊதாவும் யாவை? இருவகைச் செடிகளை இங்கு விரித்துரைத்தல் தகும். ஏனெனில் கற்றோரும் அவற்றை ஒன்றோடொன்று மயங்குவர். ஒன்று சிங்களத்திற் 'பினர' எனப்படும் எக்சாக்கம். மற்றையது 'போவிட்டியா' எனப்படும் ஒஸ்பெக்கியா. இரண்டிலும் இலைகள் எதிரெதிரானவை. இரண்டிலும் இலையடியிலிருந்து நுனிவரை மூன்றோ ஐந்தோ நரம்புகள் நீளவாட்டில் ஓடும். எக்சாக்கத்தின் ஓரினத்துக்கு 'மூன்று நரம்புடையது' என்பதே பெயர். இரண்டிலும் மகரந்தக்கூடு நீளத்துக்குப் பிளவாது நுனித்துளையாலே திறக்கும். வண்டினம் பூவைப் பற்றிச் சிறகதிர முரன்றாலன்றி மகரந்தம் வெளிப்படாது.

வேறுபாட்டை விரலே அறியும். பினரவின் தண்டும் இலையும் வழவழப்பானவை. போவிட்டியாவின் இலை சுரசுரப்பானது, மயிர் செறிந்தது. பினரவின் அல்லிகள் அடியில் ஒன்றிணைந்தவை. ஒரு மடலைப் பற்றி இழுத்தால் வட்டம் முழுவதும் கழன்று வரும். போவிட்டியாவின் அல்லிகள் தனித்தனியானவை, ஒன்றொன்றாக உதிரும். பினரவிற் கேசரங்களின் தொகை மடல்களின் தொகைக்குச் சமம். அவை நீலத்தின் நடுவே பொன்னிறமாகத் திரண்டு நிற்கும், தம்பம் ஒருபுறம் வளைந்திருக்கும். போவிட்டியாவிற் கேசரங்கள் அல்லிகளின் இருமடங்கு. ஒஸ்பெக்கியா ஒக்டாந்திரா என்னும் பெயரே எண்கேசரத்தைச் சுட்டுவது. பூ உதிர்ந்த பின்னும் ஐயமெனில் காயை நோக்குக: போவிட்டியாவின் காய் சிறு கலயம்போன்ற புல்லிக்கிண்ணத்துள் அடங்கியிருக்கும். சிங்களக் கிராமங்களில் இதன் இலை ஈரல் நோய்க்கு மருந்தாவது பலரும் அறிந்தது. இதன் உறவான 'மஹா போவிட்டியா' என்னும் மெலஸ்டோமாவில் நீண்ட ஊதாக் கேசரமும் குறுகிய மஞ்சட் கேசரமும் ஒரே பூவிலிருக்கும். அதன் கனியைத் தின்ற சிறுவரின் வாய் கறுக்கும். சாதிப்பெயரின் பொருளும் 'கருவாய்' என்பதே.

தேயிலைச் செடிகளின் இடையே படரும் நீலப்பூவோ இவற்றுள் எதுவுமன்று. அது கொமலினா, தமிழகத்துக் கிராமங்கள் கானாவாழை என்று கீரையாகக் கொள்ளும் சாதி. தண்டைப் பொதிந்த இலையுறை, படகுபோல் மடிந்த பூவடியிலை, மூன்று அல்லி, காலையில் விரிந்து நண்பகலில் வாடும் இயல்பு ஆகியவற்றால் அதை எளிதில் அறியலாம். பங்களா முற்றத்து நீல ஹைட்ரேஞ்சியா, வீதியோர ஜக்கரண்டா, ஊதாநிற டிபுச்சினா ஆகியவை பிறநாட்டினின்றும் அழகுக்காகக் கொணரப்பட்டவை. டிபுச்சினா போவிட்டியாவின் குடும்பத்தைச் சேர்ந்ததாகலின் அதனையும் சுதேசிய மலராகக் கருதும் தவறு நேர்வதுண்டு. தோட்டத்துக் களையான எஜரேட்டமும் அமெரிக்க வரவே. அதன் இளநீலப் பூ, சூரியகாந்தியிற்போலப் பல நுண்பூக்கள் செறிந்த தலையாகும்.

இவ்வறிவு எவ்வாறு திரட்டப்பட்டது? பேராதனைப் பூங்கா 1821இல் நிறுவப்பட்டது. மூன் என்பார் 1824இல் வெளியிட்ட பட்டியல் தாவரங்களின் சிங்களப் பெயர்களையும் கொண்டிருந்தது. 1849 முதல் 1880 வரை பூங்காவை நடத்திய த்வைற்ஸும், அவருக்குப் பின் வந்த ட்ரைமனும் இலங்கைத் தாவரவியலின் அடிப்படை நூல்களைத் தந்தனர். ட்ரைமனின் கைநூல் 1893இல் வெளிவரத் தொடங்கி, அவர் மறைந்த பின் ஹுக்கரால் 1900இல் நிறைவெய்தியது. இவர்களின் புலமை ஐயத்துக்கிடமற்றது. ஆனால் இதே பூங்காதான் பெருந்தோட்டப் பயிர்களின் பரிசோதனைக் களமாகவும் விளங்கியது. 1869இற் கோப்பி இலையிற் தோன்றிய செந்துரு நோயை ஆய்வுக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியவரும் த்வைற்ஸே. மேட்டுநிலத்து எக்சாக்கம் ஒன்று வாக்கர் என்னும் படையதிகாரி குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பூங்காவில் நெடுங்காலம் ஓவியராகப் பணியாற்றிய ஹர்மானிஸ் த அல்விஸும் அவர்தம் புதல்வரும் வரைந்த நுட்பமான படங்களின்றி இக்கலை இந்நிலையை எய்தியிராது என்பதைச் சொல்வார் சிலரே.

பூக்கள் ஏட்டிற் பதிவான அதே தசாப்தங்களில் அவற்றின் காடுகள் வீழ்த்தப்பட்டன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலச் சட்டம், ஆவணமற்ற காட்டையும் சேனை நிலத்தையும் முடியின் உடைமையாகக் கருத வழிசெய்தது. கண்டிக் கிராமத்தவர் தம் பொதுக்காட்டை இழந்தனர்; அக்காட்டை வெட்டிக் கோப்பி நடத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் கொணரப்பட்டனர். மலையுச்சிக் காடுகள் எஞ்சியது அழகுணர்ச்சியாலன்று. 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டைப் பேணுமாறு 1873இல் ஹுக்கர் கூறிய ஆலோசனை, கீழே உள்ள தோட்டங்களின் நீரையும் காலநிலையையும் காப்பதற்கு உதவிற்று. ஹோட்டன் சமவெளியில் இன்று நெலு பூப்பது மூலதனம் தனக்காகவே ஒதுக்கிவைத்த ஒரு மூலையில் என்பது கசப்பான உண்மை.

இப்பின்னணியிற் பெயர்களை நோக்குவோம். ட்ரைமனின் நூல் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் தருகின்றது. ஆனால் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் வடக்குக் கிழக்கின் உலர்வலயச் செடிகளுக்கே உரியன. மேட்டுநிலச் செடிகளுக்குச் சிங்களப் பெயர்களே மிகுதி. அக்காலத்தில் மலைகளிற் பெருந்தொகைத் தமிழர் வாழ்ந்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. இவ்வெற்றிடத்தைக் கண்டு தோட்டத் தமிழரிடம் இயற்கையுணர்வு இல்லையென முடிவுகட்டுவோர் பெயர் எவ்வாறு பிறக்கின்றது என்பதை அறியாதவர். காட்டிற் புகுந்து தேனும் மருந்தும் விறகும் எடுக்கும் உரிமையுள்ள சமூகத்திடமே காட்டுச்செடிக்குப் பெயர் பிறக்கும். பிரட்டுக்களத்தில் தொடங்கி, கொழுந்தின் நிறையில் முடியும் நாளில் அதற்கு இடமேது? கொழுந்து குறைந்தாற் கிடைப்பது அரைப்பேர். தோட்டத் தமிழில் 'மலை' என்ற சொல்லே எண்ணிடப்பட்ட தேயிலைப் பாத்தியைக் குறிக்கலாயிற்று: மூணாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை. கானாவாழையைக் கீரையாக அறிந்த கைகளே புல்லுவெட்டிற் கூலிக்காக அதைப் பிடுங்கியெறிந்தன. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் நூலான மலைநாட்டு மக்கள் பாடல்களிற் கங்காணியும் துரையும் கோப்பியும் தேயிலையும் நிறைந்திருப்பதன் காரணமும் இதுவே.

திணை என்பது நிலவருணனையன்று, சமனற்ற வளர்ச்சியுடைய உற்பத்தி முறைகளின் இலக்கிய வெளிப்பாடு எனச் சிவத்தம்பி 1974இல் வெளியான ஆய்விற் காட்டினார். அந்நோக்கிற் பார்ப்பின் பெருந்தோட்டம் குறிஞ்சியாகாது. தினைக்காகக் காட்டை எரித்த குறவரும் மரத்தை வீழ்த்தியவரே. எனினும் அவர் எரித்த புனம் சில ஆண்டுகளிற் காட்டிடமே மீண்டது, விளைவு அவர் குடியிலேயே நுகரப்பட்டது. குறிஞ்சி திரிந்து பாலையாகும் என்ற பழங்கோட்பாட்டைத் துணைகொண்டு தோட்டத்தைப் பாலையென்று கூறவும் சிலர் விழையலாம். அதுவும் பொருந்தாது. பாலை வறட்சியின் நிலம். தோட்டமோ ஆண்டு முழுதும் பசுமை குன்றாதது, இலாபத்தின் பொருட்டு அங்ஙனம் வைக்கப்படுவது. தொல்காப்பியர் அறிந்திராத இந்நிலத்துக்குப் பழம்பெயர் ஒன்றைச் சூட்டி நிறைவடைவதைவிட, நெலு, பினர, போவிட்டியா என்னும் அயலவர் சொற்களைத் தமிழ் தயக்கமின்றி ஏற்பதே நேர்மையானது. அவற்றைத் தந்தவரும் நிலமிழந்த குடியானவரே.

இவ்வரலாற்றின் இன்னொரு கிளை கடல்கடந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட இம்மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை வகைசெய்தது. அங்ஙனம் சென்றவர்களுக்கு வேலையளிக்க 1968இல் தமிழ்நாட்டரசு தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட இடம் நீலகிரி. கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் அரசுக் காட்டுநிலம் தேயிலையாக்கப்பட்டது. குறிஞ்சியின் பெயரையே நீலமாகத் தாங்கிய மலையில், நெலுக்காட்டை வெட்டியவரின் பேரப்பிள்ளைகள் மீண்டும் தேயிலை நட்டனர். 2022இல் நட்டத்தைக் காரணங்காட்டி அத்தோட்டங்களின் ஒரு பகுதியை வனத்துறையிடம் மீள ஒப்படைக்க அரசு முடிவுசெய்தது. காடு திரும்புமாயிற் குறிஞ்சியும் ஒருநாள் திரும்பக்கூடும். அங்குள்ள லயங்களில் வாழும் குடும்பங்களோ வீட்டுக்கும் வேலைக்கும் உத்தரவாதம் கோரி நிற்கின்றன.