ரதியின் கண்ணீர்

ஊவா மலைநாட்டில், பண்டாரவளை சார்ந்த தோட்டங்களில் வாழும் நமக்குக் காமன் கூத்துப் புதிதன்று. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தம்மோடு கொணர்ந்த அக்கூத்தில், மாசி மாதத்தில் ரதியாகிப் புலம்புபவன் ஓர் ஆண். அவனோடு லயமே அழும். 1948இல் குடியுரிமை இழந்த மக்கள் இரு நாட்டு நினைவையும் அவ்வாட்டத்திற் காத்தனர்.

எனினும், களத்துக்கு வெளியே பெண்மை சாயலுள்ள ஆணைக் கண்டால் எள்ளுகிறோம். ஒருபாற் காதலரைக் குற்றவாளிகளாக்கியது ஆங்கிலேயரின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை; 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதிற் சேர்த்தது.

சிங்கப்பூரிற் பிறந்து கனடாவில் ஆடல் வகுத்த ஹரி கிருஷ்ணன், பரதத்தையும் மேலைநாட்டு ஆட்டத்தையும் இணைத்து அக்காதலை வெளிப்படையாகவே அரங்கேற்றினார். ‘அந்நிய மோகம்’ என அதனைத் தள்ளுவோர் எண்ணிப் பார்க்கட்டும்: ஆங்கிலேயர் கொணர்ந்தது தண்டனை, நம் முன்னோர் கொணர்ந்தது கூத்து. நாம் எதன் வாரிசுகள்?