ஊசல் மாநிலத்தின் வரலாற்றடிப்படை: விஸ்கொன்சின் தேர்தல் அரசியல் பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதித் தேர்தல்களைப் பற்றி எழுதுவோர், எந்தவொரு கட்சிக்கும் உறுதியாக உரித்தாகாத மாநிலங்களை ‘ஊசல் மாநிலங்கள்’ என்பர். விஸ்கொன்சின் அவற்றுள் ஒன்று. 2016 இல் அளிக்கப்பட்ட ஏறத்தாழ 30 இலட்சம் வாக்குகளில் 22,748 வாக்கு வேறுபாட்டால் அது டொனால்ட் ட்ரம்பைச் சார்ந்தது. 2020 இல் 20,682 வாக்குகளால் ஜோ பைடனைச் சார்ந்தது. 2024 இல் மீண்டும் ட்ரம்பிடம் சென்றது. இதனை வாக்காளரின் மனச்சஞ்சலமாக விளக்குதல் பத்திரிகையாளர் மரபு. வாக்காளரைக் கட்சிகளுடன் பிணைத்து நின்ற நிறுவனங்கள் யாவை, அவை எவ்வாறு குலைந்தன என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மாநிலத்தில் இரு எதிர்ப்பியக்கங்கள் வளர்ந்தன. ஒன்று, புகையிரதக் கம்பனிகளினதும் மரவியாபார முதலாளிகளினதும் ஆதிக்கத்துக்கு எதிராக, குடியரசுக் கட்சிக்குள்ளேயே றொபேட் லா பொலெற் திரட்டிய விவசாயிகளின், சிறுவுடைமையாளரின் இயக்கம். மற்றையது, மில்வோக்கி நகரின் ஜேர்மானிய வழிவந்த தொழிலாளரிடையே வேரூன்றிய சோசலிசக் கட்சி. 1910 இல் அந்நகரம் எமில் சைடலை நகரபிதாவாகவும், விக்டர் பேர்கரைக் காங்கிரசின் முதலாவது சோசலிச உறுப்பினராகவும் தெரிவுசெய்தது. டானியல் ஹோன் 1916 முதல் 1940 வரை நகரபிதாவாக இருந்தார். கழிவுநீர்க் கால்வாய், குடிநீர், பொதுச் சுகாதாரம் என்பவற்றில் இவர்கள் காட்டிய அக்கறையைச் ‘சாக்கடைச் சோசலிசம்’ எனத் தோழர்களே எள்ளி நகையாடினர். அவ்வெள்ளல் முற்றிலும் நியாயமானதன்று என்பதே எமது கருத்து. தொழிலாளர் குடியிருப்புகளில் நோயும் மரணமும் வர்க்கப் பிரச்சினைகளே.

லா பொலெற்றின் முக்கிய சாதனை, 1904 இல் மக்கள் வாக்கெடுப்பால் அங்கீகரிக்கப்பட்ட முதனிலைத் தேர்தல் முறையாகும். வேட்பாளரைத் தெரிவுசெய்யும் அதிகாரம் கட்சி மாநாட்டிலிருந்து வாக்காளரின் கைக்கு மாறியது. வாக்காளர் எக்கட்சியின் முதனிலைத் தேர்தலிலும் பங்குகொள்ளலாம். ஆனால் ஒன்றில் மட்டுமே. முதலாளித்துவத் தரகர்களிடமிருந்து கட்சியை மீட்ட இக்கருவி, கட்சி என்ற அமைப்பின் கட்டுக்கோப்பையும் தளர்த்தியது. அதன் விளைவு 1946 இல் வெளிப்பட்டது. 1934 இல் உருவான முற்போக்குக் கட்சி அவ்வாண்டு கலைக்கப்பட, அதன் செனற்றரான இளைய லா பொலெற் குடியரசுக் கட்சிக்குத் திரும்பினார். மில்வோக்கித் தொழிலாளருட் பலர் ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வாக்களித்தமையால் அவருக்குத் துணைநிற்க இயலவில்லை. ஐயாயிரத்துச் சொச்சம் வாக்குகளால் அவரைத் தோற்கடித்தவர் ஜோசப் மக்கார்தி. பின்னர் கம்யூனிச எதிர்ப்பு வேட்டைக்குத் தன் பெயரையே அளித்தவர் இவர். தந்தை சமைத்த கருவி மகனுக்கு எதிராகத் திரும்பிற்று.

முற்போக்கு மரபின் எச்சம் தொழிற்சங்கங்களிலே நிலைத்தது. மாநகர, உள்ளூராட்சி ஊழியருக்குக் கூட்டுப்பேர உரிமையைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் விஸ்கொன்சினே; ஆண்டு 1959. 2011 இல் ஆளுநர் ஸ்கொட் வோக்கரின் சட்டம் அவ்வுரிமையை அடிப்படைச் சம்பளம் பற்றிய பேச்சுக்குள் ஒடுக்கியது. சம்பளத்திலிருந்து சந்தா கழிப்பதையும் தடுத்தது. பொலிசாரும் தீயணைப்போரும் விலக்களிக்கப்பட்டமை தற்செயலன்று: உழைப்போரைப் பிரித்தாளும் உபாயம் அது. மடிசன் நகரில் பல்லாயிரவர் சட்டமன்றக் கட்டடத்தை வாரக்கணக்கில் நிறைத்தனர். எனினும் 2012 இல் நடந்த திரும்பப்பெறும் தேர்தலில் வோக்கரே வென்றார். வீதியில் திரண்ட சக்தி வாக்குச்சாவடியில் ஏன் சிதறியது என்பது விரிவான ஆய்வுக்குரியது. 2010 இல் தொழிலாளருள் 14 சதவீதத்தினர் சங்க உறுப்பினர். 2016 இல் சுமார் 8 சதவீதத்தினரே. அவ்வாண்டின் தேர்தல் முடிவுக்கு இதுவே தனிக் காரணமெனல் இயந்திரப்பாங்கானது. ஆயினும் 22,748 என்ற எண்ணை இவ்வீழ்ச்சியிலிருந்து பிரித்து நோக்குதல் அரிது.

தொகுதி எல்லைகளையும் கருதுதல் வேண்டும். 2018 இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் பதவியை வென்றது. மாநிலக் கீழ்ச்சபைக்கான வாக்குகளிற் பெரும்பான்மையையும் பெற்றது. கிடைத்ததோ 99 ஆசனங்களில் 36. 2011 இல் வரையப்பட்ட எல்லைகளின் பலன் அது. 2023 இல் மாநில உயர்நீதிமன்றம் அப்போதைய எல்லைகளை நிராகரித்தது. புதிய எல்லைகளில் நடந்த 2024 தேர்தலில் அக்கட்சி 45 ஆசனங்களைப் பெற்றது. அதே நாளில், அதே வாக்காளர், ட்ரம்பை ஏறத்தாழ 29 ஆயிரம் வாக்குகளாலும், ஜனநாயகக் கட்சியின் செனற்றர் ரம்மி போல்ட்வினையும் ஏறத்தாழ 29 ஆயிரம் வாக்குகளாலும் வெற்றிபெறச் செய்தனர்.