அச்சு எங்கே விழுந்தது?

கொடைக்கானலில் மழை பெய்கிறதா, அல்லது மேகம்தான் அலுத்துப்போய் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்வது கஷ்டம். சென்ற ஐப்பசியில் நாயுடுபுரத்தில் ஒரு சிநேகிதருடைய வீட்டில் தங்கி, தொடர்கதை ஒன்றின் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்தேன். கதாநாயகியைச் சாகடிப்பதா வேண்டாமா என்று பதினொரு நாள் யோசித்து, பன்னிரண்டாம் நாள் துணிந்து சாகடித்துவிட்டேன். எழுதியதைக் காகிதத்தில் பார்த்து, பென்சிலால் அடித்துத் திருத்தினால்தான் எனக்கு மனம் ஆறும். ஆகவே பிரிண்டரில் ஒரு பிரதி எடுக்க உத்தேசித்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிவிட வேண்டும். என் எழுத்து இருப்பது என்னுடைய லாப்டாப்பில் அல்ல. சென்னையில் பத்திரிகைக் காரியாலயத்துக் கம்ப்யூட்டரில். ரிமோட் டெஸ்க்டாப் என்று ஒரு வசதி இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரின் திரை என் எதிரில் தெரியும். நான் இங்கே விசையைத் தட்டினால் எழுத்து அங்கே விழும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மேஜைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரிதான். எனக்குப் பக்கத்தில் ஸ்டூலின் மேல் சிநேகிதருடைய பிரிண்டர் தயாராக இருந்தது. கட்டளை கொடுத்தேன். பிரிண்டர் மூச்சு விடவில்லை. மறுபடி கொடுத்தேன். மூன்றாம் முறையும் கொடுத்தேன்.

கால் மணி நேரம் கழித்து டெலிபோன் வந்தது. காரியாலயத்துச் சிப்பந்தி பேசினார்.

"சார், உங்க கடைசி அத்தியாயம் இங்கே மூணு காப்பி வந்து விழுந்து கிடக்குது. யாருக்குன்னு தெரியலை, படிச்சுப் பார்த்தேன். ஏன் சார், அந்தப் பொண்ணைச் சாகடிச்சுட்டீங்களே!"

ஆசிரியருக்குக்கூட நான் சொல்லாமல் வைத்திருந்த ரகசியம் அது! தாள்களை உறையில் போட்டு ஒட்டி வைக்கும்படி மன்றாடினேன். ஒட்டுவதற்குள் எத்தனை பேர் படித்தார்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை.

கண் ஓரிடத்திலும் காகிதம் வேறிடத்திலும் இருப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கி வந்த வானாய்வகத்தின் வேலையை 1899-இல் இந்த ஊருக்குத்தான் மாற்றினார்கள். ஜான் எவர்ஷெட் என்ற வெள்ளைக்காரர் 1907-இல் இங்கே வந்து சேர்ந்தபோது மோட்டார் பாதை முடிந்திருக்கவில்லை. மனிதர்களும் சாமான்களும் அடிவாரத்திலிருந்து குதிரைப் பாதையில்தான் ஏறி வர வேண்டும். 1909 ஜனவரியில், சூரியனின் கரும்புள்ளிகளைச் சுற்றி வாயு வெளிப்புறமாக ஓடுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். கண்டது மலையில், அதைப் படித்த உலகமோ கடலுக்கு அப்பால் இருந்தது. அக்காலத்தில் அவர்கள் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்களை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். எந்தத் தேசத்துப் பண்டிதரும் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

பத்திரிகைக்காரர்களும் இந்தத் தூரத்தோடு மல்லுக்கு நின்றவர்கள்தாம். 'ஹிந்து' பத்திரிகை 1963-இல் பிரதிகளை வெளியூர்களுக்குக் கொண்டுபோகச் சொந்த விமானங்களையே வைத்துக்கொண்டது. 1969-இல் பக்கத்தின் பிரதிமையை அப்படியே தந்தி வழியாக அனுப்பிக் கோயம்புத்தூரில் அச்சிடும் முறை வந்தது. இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். கோயம்புத்தூரில் சென்னையின் அச்செழுத்துக்கள் இருக்க வேண்டியதில்லை, கோப்பவர்களும் வேண்டியதில்லை. முடிந்த பக்கம் படமாக வந்துவிடும். அச்சிட வேண்டியதுதான் பாக்கி. இந்தச் சின்ன யுக்தி கம்ப்யூட்டர்க்காரர்களுக்குத் தோன்ற வெகு காலம் பிடித்தது.

மைக்ரோஸாப்ட் கம்பெனி 1998-இல் விண்டோஸ் என்.டி. 4.0-இன் 'டெர்மினல் ஸர்வர்' பதிப்பை வெளியிட்டபோது, தூரத்துத் திரையைப் பார்க்கலாம், தட்டலாம். ஆனால் நம் வீட்டுப் பிரிண்டரை அது கண்டுகொள்ளாது. விண்டோஸ் 2000-இல்தான் அந்த வசதி சேர்ந்தது. சேர்ந்ததே தவிர, உபத்திரவமும் கூடவே வந்தது. ஒவ்வொரு பிரிண்டருக்கும் 'டிரைவர்' என்று ஒரு துபாஷி உண்டு. உங்கள் பிரிண்டரின் துபாஷி தூரத்து ஸர்வரிலும் இருந்தாக வேண்டும். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவும் வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் இனிஷியல் மாறிவிட்டதென்று பந்தியில் உட்கார விடாமல் துரத்துவதைப் போல, பெயரில் சிறு வித்தியாசம் இருந்தாலும் ஸர்வர் அந்தப் பிரிண்டரை ஒதுக்கிவிடும். நூறு பேர் நூறு விதமான பிரிண்டர் வைத்திருந்தால் நூறு துபாஷிகளை ஸர்வரில் குடியேற்ற வேண்டும். அவர்களில் ஒருவன் சண்டிக்காரனாக இருந்தால் போதும், எல்லோருடைய அச்சும் நின்றுவிடும்.

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்து முறை, எல்.பி.டி., காம், யூ.எஸ்.பி. என்று தொடங்கும் வாசல்களில் இருக்கும் பிரிண்டர்களை மட்டுமே மதித்தது. அச்சு, நகல், ஸ்கான் எல்லாம் செய்கிற புதுமாதிரி யந்திரங்கள் சில 'டாட்4' என்ற வாசலில் வந்து நின்றன. அவற்றை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. ரிஜிஸ்திரியில் ஒரு சின்ன மதிப்பை எழுதி வைத்தால் சரியாகும். அதைத் தெரிந்துகொள்வதற்குள் எத்தனை ஆபீஸ்களில் எத்தனை பிரிண்டர்களை வாங்கி வாங்கி மாற்றினார்களோ!

2008-இல் வந்த விண்டோஸ் ஸர்வரில் 'ஈஸி பிரிண்ட்' என்ற முறை பிறந்தது. பக்கத்தை எக்ஸ்.பி.எஸ். என்ற பொது வடிவத்தில் கட்டி, பயனாளியின் கம்ப்யூட்டருக்கே அனுப்பிவிடுவார்கள். பிரிண்டருடன் பேசும் பொறுப்பு வீட்டில் இருக்கும் துபாஷியுடையது. கோயம்புத்தூர் யுக்திதான், ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து! முதலில் அதற்கு 'டாட் நெட்' என்ற துணைச் சரக்கும் வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் விண்டோஸ் 7-உடன் அந்தத் தொல்லையும் நீங்கியது. அதனால் அச்சுப் பகுதிக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அச்சு வேலைகளை வரிசையில் நிறுத்தி வைக்கும் 'ஸ்பூலர்' என்ற பகுதியில் பெரிய ஓட்டை இருப்பது 2021-இல் தெரியவந்து, உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் நிர்வாகிகளின் தூக்கம் கெட்டது. 'பிரிண்ட் நைட்மேர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வீட்டுப் பையன், கல்லூரி மாணவன், மப்ளரைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தான்.

"மாமா, முதல்லே உங்க லாப்டாப்பிலேருந்து நேரா ஒரு பக்கம் அடிச்சுப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்த்தோம், அதுவும் வரவில்லை! பல நாளைக்கு முந்திய ஏதோ ஒரு தாள் வரிசையின் தலையில் சிக்கிக்கொண்டு, பின்னால் வருகிற எல்லாவற்றையும் மறித்துக்கொண்டிருந்தது. அதை ரத்து செய்தான். இங்கிருந்து ஒரு பக்கம் ஒழுங்காக வந்தது. "இங்கேயே வராதது அங்கேயிருந்து எப்படி மாமா வரும்?" என்றான். நியாயமான கேள்விதான்.

பிறகு ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து, இணைவதற்கு முன் தெரியும் அமைப்புகளில், 'லோக்கல் ரிஸோர்ஸஸ்' என்ற பக்கத்துக்குப் போனான். 'பிரிண்டர்ஸ்' என்ற சின்னக் கட்டம் காலியாக இருந்தது. என்றோ ஒரு நாள் நானேதான் எதையோ எடுக்கப் போய் அதையும் எடுத்திருக்கிறேன். அதில் குறி போட்டு, தொடர்பை அறுத்து, மறுபடி இணைத்தான். பட்டியலில் சிநேகிதருடைய பிரிண்டரின் பெயர், பின்னால் அடைப்புக்குறிக்குள் 'ரீடைரக்டட்' என்ற வாலும் ஓர் எண்ணுமாகத் தோன்றியது. அந்த வால் இருந்தால்தான் காகிதம் நம் வீட்டில் விழும். வால் இல்லாத பெயரைத் தேர்ந்தெடுத்தால் சிப்பந்தி படித்துவிடுவார்.

"இவ்வளவு பண்ணியும் பெயரே வரலைன்னா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஸ்பூலர் ஓடுதான்னு பார்க்கணும். ஆபீஸ்லே யாராவது கொள்கையிலே தடை போட்டிருக்காங்களான்னு கேட்கணும். அதுக்கு மேலே போனா அவங்க பாடு."

கட்டளை கொடுத்தேன். ஸ்டூல் நடுங்கியது. மேகத்தில் ஊறிய காகிதம் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு வந்தது. சமையலறை அடுப்பருகே கயிறு கட்டி உலர்த்தினேன். பதினாறு பக்கங்களையும் படித்துவிட்டு, பென்சிலை எடுத்தேன். பத்தாம் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் அடித்துவிட்டு வேறு எழுதினேன். விடிய மூன்று மணி ஆயிற்று. அந்தப் பிரதியையும் இந்த வீட்டிலேயே, வாலுள்ள பெயரைத் தேடிப் பிடித்து, அச்செடுத்தேன்.

மறுநாள் காலையில் டெலிபோன் மணி அடித்தது. காரியாலயத்துச் சிப்பந்திதான்.

"இன்னிக்கு ஒண்ணும் வந்து விழலையே சார். பொழைச்சாளா?"